என் எடைக்கு ஒரு பிராக்கெட்

விடிவதற்கு முன்னால் மீன் கூடையோடு நிற்கிற பெண்ணைப் பார்த்ததும் டாக்சிக்காரன் முகம் போகிற போக்கை நீங்கள் பார்க்க வேண்டும். வறுத்துத் தட்டில் வைத்தால் முள்ளைத் தவிர எதையும் மிச்சம் வைக்காத ஆள்தான். ஆனால் திருவொற்றியூரில் எங்கள் குப்பத்து முனைக்கு வந்து என் கூடைகளைக் கண்டதும் ஃபோனில் எதையோ தட்டுவான், சவாரி ரத்தாகிவிடும். திட்டலாம் என்று நான் வாய் திறப்பதற்குள் வண்டி தெருவைத் தாண்டியிருக்கும்.

டாக்சிக்காக நான் நின்றது சொகுசுக்காக அல்ல. காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவள் நான். ஒரு நாள் ஐஸ் நிரம்பிய கூடையைத் தூக்கும்போது இடுப்பில் ஏதோ விலகியது. டிஸ்க் என்றார் டாக்டர். ஆட்டோ கூடாது, ஷேர் ஆட்டோ கூடவே கூடாது, குலுங்காமல் போய்வர முடிந்தால் மட்டும் வேலைக்குப் போங்கள் என்றார். கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட எங்கள் ரோட்டில் குலுங்காமல் போவதென்றால் காக்காய் முதுகில்தான் போக வேண்டும். ஏலத்தில் எனக்கென்று எழுதிவைத்த இடம் எதுவும் கிடையாது. தினமும் வந்து நிற்கிறவளுக்குத்தான் இடம். நான் பாயில் கிடந்த மாதங்களில் என் இடத்தில் வேறொருத்தி கூடை வைக்கத் தொடங்கிவிட்டாள் என்று செய்தி வந்தது. அன்றைக்கு வலித்தது இடுப்பு இல்லை. அந்த இடம் போய்விட்டால் நான் வீட்டில் கிடக்கிற ஒரு நோயாளி, அவ்வளவுதான்.

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு ஞானம் பிறந்தது. அவர் படகு கட்டும் இடத்தில் இரும்பு வேலை செய்பவர்.

"உனுக்கு நானே ஒரு காரு கட்டித் தரேம்மே" என்றார்.

"வூட்ல ஒழுகுற குழாயக் கட்டுயா மொதல்ல" என்றேன்.

"போட்டு கட்றவனுக்குக் காரு கட்றது ஒரு மேட்டரா?"

தண்டையார்பேட்டையில் யாரோ எடைக்குப் போட இருந்த ஒரு பழைய காரைப் பிடித்துவந்தார். மேலே இருந்ததையெல்லாம் அறுத்து எறிந்துவிட்டு, கீழே இருந்த சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாகக் கட்டினார். பின்னால் கூடைகளுக்கு இடம், அதன் பக்கத்திலேயே எனக்கு நிமிர்ந்து உட்காரும் ஒரு இருக்கை, குனியாமல் ஏற அகலமான கதவு. காகிதத்தில் அது இன்னும் பழைய கார்தான். நேரில் பார்த்தால் சக்கரம் வைத்த விசைப்படகு. பார்த்தவர்கள் எல்லாம் இது எந்தப் பக்கம் மிதக்கும் என்று கேட்டார்கள். நானும் கேட்டேன்.

ஸ்பிரிங்கை மட்டும் அவர் பார்த்துப் பார்த்துப் போட்டார். என் இடுப்புக்கு மெத்தென்று இருக்க வேண்டும் என்று மெல்லியதாகத் தேடி வாங்கினார். அடுத்தது குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர், ஒரு குழாய்க்குள் தண்டு ஒன்று போய்வரும். அதன் மேல் முனையைப் பிடிக்கச் சட்டத்தில் ஒரு பிராக்கெட், கீழ் முனையைப் பிடிக்கச் சக்கரங்களை இணைக்கிற ஆக்சிலில் ஒரு பிராக்கெட். அவர் வெட்டிவந்த தகட்டின் கனத்தைப் பார்த்தால், அதில் கயிறு கட்டித் துறைமுகத்தில் ஒரு கப்பலையே நிறுத்தலாம்.

கனம் இருந்தால் போதாது, எந்த இடத்தில் பற்றவைப்பது என்பதுதான் விஷயம் என்று எனக்கு விளக்கினார். வண்டி காலியாக இருக்கும்போது அளந்தால் கணக்கு தப்பிவிடும். புதுப் படகை நீரில் இறக்கி, ஐஸ், வலை, ஆள் எல்லாம் ஏற்றி, அது எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்த பிறகுதான் மிச்ச வேலையை முடிப்பார்களாம். காரும் அப்படித்தான். ஏற்ற வேண்டியதை ஏற்றி, ஸ்பிரிங் அமுங்கி நிற்கும்போது, ஷாக்கின் தண்டு பாதி வெளியே, பாதி உள்ளே இருக்கும்படி பிராக்கெட் உட்கார வேண்டும். அப்போதுதான் பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் அதற்கு இடம் இருக்கும். இவ்வளவு விவரமாகப் பேசிய மனுஷன்மேல் எனக்கு அன்றைக்கு மரியாதையே வந்துவிட்டது. அது மூன்று நாள் தாங்கியது.

முதல் ஓட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. பின் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தெருப் பெண்களுக்குக் கையெல்லாம் காட்டினேன். மெயின் ரோட்டில் முதல் வேகத்தடை வந்தது. வண்டி ஏறி இறங்கியது. எனக்குக் கீழே இரும்பும் இரும்பும் மோதி 'டங்' என்று ஒரு சத்தம். அது இருக்கை வழியாக ஏறி, என் முதுகெலும்பில் ஒவ்வொரு எலும்பாகக் கதவைத் தட்டிக்கொண்டு மண்டைக்கு வந்தது. நான் அப்போது சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. வண்டியை அங்கேயே திருப்பினார். மறுபடியும் பாய், மறுபடியும் வெந்நீர் ஒத்தடம், மறுபடியும் சுவரைப் பார்த்துக் கிடப்பது.

அவர் தினமும் வேலையிலிருந்து வந்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். ஷாக் நல்ல ஷாக், வெல்டிங் நல்ல வெல்டிங், ஆனால் தண்டு முழுக்க உள்ளே போய் முட்டுகிறது, ஏன் என்று தெரியவில்லை என்றார். எனக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தது தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சிக்கு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் எழுந்து மெல்ல நடக்க ஆரம்பித்து, கடைக்குப் புளி வாங்கப் போனபோது, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காத. அன்னைக்கு வண்டிய அளக்கணும்னு மாப்ள நம்ம கடையிலதான் அரிசி சிப்பம் வாங்கிட்டுப் போனாவ. ஒன் சீட்டுல ஒனக்குப் பதிலா வைக்கதுக்கு."

"எத்தினி சிப்பம்?"

"ரெண்டு."

ஒரு சிப்பம் இருபத்தைந்து கிலோ. கணக்கு உங்களுக்கே தெரியும். அண்ணாச்சி என்னைப் பார்க்காமல் புளியைப் பொட்டலம் கட்டுவதில் மும்முரமாக இருந்தார். என்னை அளவெடுக்க அவருக்குத் தராசு வேண்டியதில்லை. ஐம்பது கிலோவுக்கு அளந்த வண்டியில் நான் உட்கார்ந்தால் தண்டு முட்டாமல் என்ன செய்யும்?

வீட்டுக்கு வந்தேன். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. காலை ஓர் எத்து எத்தினேன்.

"யோவ், நான் ரெண்டு சிப்பமா? எவன்யா சொன்னான்?"

அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"கல்யாணத்தப்ப அவ்ளோதானம்மே கீந்த."

"அதுக்கப்புறம் ரெண்டு பொண்ணு பெத்து, அதுங்களுக்குக் கண்ணாலமும் பண்ணியாச்சுயா! எனுக்கு பதிலா அரிசிய குந்த வச்சிக்கினு அளந்தியே, என்னைக் கூப்ட வேண்டியதுதான?"

வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். என்னைப் பார்க்காமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஆஸ்பத்திரில அந்த டாக்டரு எல்லாரு முன்னாடியும் வெய்ட்ட கொற, வெய்ட்ட கொறன்னு சொன்னாரு. நீ வூட்டுக்கு வந்து சோறே துன்னல. செவுத்தப் பாத்துக்கினு படுத்துனு இருந்த. அன்னிலேந்து உன்னாண்ட வெய்ட்டு பேச்சே எடுக்கக் கூடாதுன்னு கீறேன்."

இந்த மனுஷன் என் மனசு நோகக் கூடாது என்று என் முதுகை உடைத்திருக்கிறார். கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, இவ்வளவு அன்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அழுகையும் வந்தது. மூன்றில் கோபத்துக்குத்தான் எனக்குப் பழக்கம் அதிகம்.

"அறுத்துப் போடுயா அந்த பிராக்கெட்ட. நானே குந்துறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நடுத்தெருவில் நடந்தது அந்த வைபவம். கூடைகளில் ஐஸ் நிரப்பி வைத்தார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். வண்டி 'உஸ்' என்று அமிழ்ந்தது. வேடிக்கை பார்த்த பெண்கள் சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். சிரிங்கடி, நல்லா சிரிங்க என்றேன். அவர் கோடு போடச் சாக்பீஸோடு அடியில் நுழைந்தார். அங்கிருந்து சத்தம் போட்டார்.

"இன்னாம்மே, மேல மூச்ச இஸ்துப் புடிச்சினு கீறியா? விடு!"

போட்டோவுக்கு நிற்பதைப் போல வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன், உண்மைதான். மூச்சைப் பிடித்தால் ஸ்பிரிங்குக்கு எடை குறையாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பழக்கம் விடுமா? விட்டேன். மொத்தமாக, நானாக உட்கார்ந்தேன். அவர் கோடு போட்டார். நான் இறங்கிய பிறகு அந்தக் கோட்டின் மேல் பிராக்கெட்டைப் பற்றவைத்தார்.

ஆறவிட்டு, பெயின்ட் அடித்து, மறுநாள் விடிகிற நேரத்தில் கிளம்பினோம். வேகத்தடை வருகிறது என்று தெரிந்ததும் முன் சீட்டின் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி ஏறியது. ஒருமுறை அசைந்து இறங்கியது. சத்தமே இல்லை. நான் இன்னும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

"வலிக்குதாம்மே?"

"ரோட்டப் பாத்து ஓட்டுயா."

கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்ற ரோட்டில் பள்ளங்களை ஒவ்வொன்றாகக் கடந்தோம். அவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் திரும்பிப் பார்த்தார். நான் ஒவ்வொரு முறையும் ரோட்டைக் காட்டினேன்.

காசிமேட்டில் நானே இறங்கினேன். என் இடத்தைப் பிடித்தவளின் கூடை அங்கே இருந்தது. வீட்டில் ஒத்திகை பார்த்துவைத்த வசவுகள் நாக்கு நுனியில் நின்றன. அவள் என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். பிறகு தன் கூடையைக் காலால் ஒரு தள்ளு தள்ளி எனக்கு இடம்விட்டாள்.

"வாக்கா. வஞ்சிரம் வந்துகீது" என்றாள்.

நின்றேன். ஏலம் தொடங்கியது. விலை கேட்டேன், போட்டிக்குக் கத்தினேன், ஒருத்தனோடு சண்டையும் போட்டேன். வெயில் ஏறும் நேரத்தில் இடுப்பு வலிக்க ஆரம்பித்தது. பயந்துபோய்ப் பக்கத்தில் பார்த்தேன். அவளும் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள். அதற்கு அடுத்தவளும் அப்படித்தான். விடியலிலிருந்து ஈரத்தரையில் நிற்கிற எங்கள் எல்லாருக்கும் வருகிற வலி அது. நானும் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அடுத்த கூடைக்கு விலை கேட்டேன்.