குவைத்தில் இருக்கும் கதாநாயகன்

ஊட்டியில் ஒரு பெரிய ஓட்டல். கதாநாயகனும் கதாநாயகியும் காதலர்கள் மாதிரி நடிப்பதற்காக அங்கே போயிருக்கிறார்கள். அறைக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு கட்டில். எனக்கு முதலில் பொறுமை போனது இந்த இடத்தில்தான். அவ்வளவு பெரிய ஓட்டலில் கீழே ஒரு போன் போட்டுச் சொன்னால் கூடுதலாக ஒரு மெத்தை கொண்டுவந்து போட மாட்டார்களா? அவன் கோடீஸ்வரன் வேறு. பக்கத்து அறையையும் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? அதெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் அவன் மூச்சுக்காற்று அவள் கழுத்தில் படுவதற்கு வழியில்லாமல் போய்விடும்.

போனில் ஒரு செயலியில் தொடராக வந்துகொண்டிருந்த நாவல் அது. செவ்வாய், வெள்ளி காலையில் புது அத்தியாயம் போடுவார்கள். தாத்தா சொத்து எழுதிவைக்க வேண்டுமானால் பேரன் தனக்கு ஒரு காதலி இருப்பதாகக் காட்டியாக வேண்டும். அதற்காகத் தன் கம்பெனியில் கணக்கெழுதும் பெண்ணை ஆறு மாதத்துக்கு ஒப்பந்தம் போட்டு அழைத்துக்கொள்கிறான். தொடக் கூடாது என்பது முதல் நிபந்தனை. கையெழுத்துப் போட்ட அதே அத்தியாயத்தில் தொட்டுவிடுகிறான்.

அவன் கம்பெனி முதலாளி என்பதைத்தான் என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. எனக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் காருக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை, குவாலிட்டி பிரிவில். கம்பெனி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நாவலில் வரும் கம்பெனியில் ஒரு லோடு ரிஜெக்ட் ஆகித் திரும்பி வருவதில்லை, ஆடிட் என்று ஆட்கள் வந்து நிற்பதில்லை, கேன்டீன் சாம்பாரில் ஈ விழுவதில்லை. முதலாளி நாளெல்லாம் கண்ணாடி அறைக்குள் நின்றபடி அவளையே பார்க்கிறான். எங்கள் முதலாளியை நான் ஆயுத பூஜை அன்று பார்ப்பேன். பொரி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிடுவார்.

அந்தரங்கக் காட்சிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எழுதியவர் கூச்சப்படுகிறவர் இல்லை. எல்லாவற்றையும் எழுதுவார், ஆனால் எதையும் அதன் பெயரால் எழுத மாட்டார். உதடு என்று ஒரு இடத்திலும் கிடையாது, இதழ்தான். மற்றதெல்லாம் பூ, மொட்டு, கனி. நடுவில் எனக்குப் பழக்கடைக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. இவ்வளவு திட்டுகிறேனே, ஒருநாள் இந்தப் பழக்கடைக்குள் தொலைந்துபோய் புதுவாயலில் இறங்க மறந்து, கம்பெனி பஸ்ஸிலேயே தச்சூர் வரை போய், ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தவளும் நான்தான். பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்தால் சட்டென்று அம்மன் அலங்கார வீடியோவுக்கு மாறிவிடுவேன். அந்தப் பெண் என்னைப் பெரிய பக்தை என்று நினைத்திருப்பாள்.

புதுவாயலுக்கு நான் குடிவந்ததே அந்தச் சமயத்தில்தான். அதற்கு முன்னால் கடம்பத்தூரில் அப்பா அம்மா வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வந்தேன். ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதானால் கிழக்கே சென்னைக்குப் போய், வண்டி மாறி, அங்கிருந்து வடக்கே வர வேண்டும். போகவும் வரவும் நாள் சரியாக இருந்தது. அதனால் வீடு தேடினேன். விவாகரத்து ஆனவள் என்று முதல் வீட்டில் உண்மையைச் சொன்னேன். "ஃபேமிலிக்குத்தான் உடறதுமா" என்றார்கள். இரண்டாவது வீட்டுக்காரர், "எங்கூட்ல வயசுப் பசங்க கீறாங்க" என்றார். பசங்களை அடக்கி வைக்க வக்கில்லை, அதற்கு நான் வீடில்லாமல் நிற்க வேண்டும். வயிறு எரிந்தது.

மூன்றாவது வீட்டுக்குப் போகும்போது டப்பாவில் போட்டு வைத்திருந்த பழைய மெட்டியை எடுத்தேன். கம்பெனியில் சேஃப்டி ஷூ போட்டுப் போட்டு விரல் தடித்துப் போயிருந்தது. மெட்டி ஏறவில்லை. சோப்பு போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். தாலி எங்கே என்று கேட்டால், மெஷின் பக்கம் நகை போடக் கூடாது என்று கம்பெனி ரூல் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். அது உண்மையும்கூட.

அந்த வீட்டு ஓனரம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கீழே அவளும் அவள் வீட்டுக்காரரும், மாடி வாடகைக்கு. ஃபேமிலிக்கு மட்டும்தான் என்று கறாராக இருந்தவர் அந்தப் பெரியவர்தான். வயல், பம்பு செட், கறவை மாடு, இதற்கு வெளியே அவருக்கு இருந்த ஒரே கொள்கை அது.

"ஊட்டுக்காரரு எங்க வேலை?" என்றாள் ஓனரம்மா.

"குவைத்லமா."

"பேரு இன்னா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை. எனக்கு ஒரு வீட்டுக்காரர் இருந்தார், அவருக்கு ஒரு பெயரும் இருந்தது. வக்கீலிடமும் கோர்ட்டிலும் சொல்லிச் சொல்லி வாய் கசந்துபோன பெயர். புது வாசலில் நின்று அதை மறுபடி சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ரயிலில் அப்போதுதான் படித்துவிட்டு வந்திருந்தேன். வாயில் வந்தது கதாநாயகன் பெயர். மூன்று வடமொழிச் சொற்களை ஒன்றாக ஒட்டி வைத்த பெயர், ரேஷன் கார்டில் ஒரு வரியில் அடங்காது. திருவள்ளூர் மாவட்டத்தில் எந்த அம்மாவும் பிள்ளைக்கு வைத்திருக்க மாட்டாள்.

ஓனரம்மா என்னைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். "நல்ல பேரு. சொல்றதுக்குள்ள மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டு, "வெள்ளிக்கெயம பால் காய்ச்சிக்கோ" என்றாள். வீடு கிடைத்துவிட்டது.

வீடு கிடைத்த பிறகுதான் என் நிம்மதி போனது. ஓனரம்மா என் வீட்டுக்காரரைப் பற்றி விசாரிப்பதை நிறுத்தவே இல்லை. அவள் கேட்ட கேள்விகளும் விசித்திரமாக இருந்தன. "இன்னா கண்ணு, உங்கூட்டுக்காரரு கோச்சிக்கினு பூட்டாரா?" என்பாள் ஒருநாள். "வேற எவளாவது குறுக்க வந்துகினு கீறாளா?" என்பாள் இன்னொரு நாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. எனக்குத் தூக்கிவாரிப் போடும். அப்படியெல்லாம் இல்லைமா, வேலை அதிகம், போன் பண்ண நேரமில்லை என்று ஏதாவது சொல்லி மழுப்புவேன். பெரியவரும் தன் பங்குக்கு, "தம்பி வந்தா சொல்லுமா, பாக்கணும்" என்பார். நாவலில் நடிக்கிறவர்களுக்கு ஊட்டி, பட்டுப்புடவை, முத்தம். எனக்குக் குவைத்தில் இப்போது மணி என்ன என்று கணக்குப் போடும் வேலை.

இத்தனை எரிச்சலிலும் ஏன் தொடர்ந்து படித்தாய் என்று கேட்டால், ஒரே ஒரு இடத்துக்காகத்தான். முத்தக் காட்சி இல்லை. இருவரும் காரில் போகிறார்கள். தாத்தா இல்லை, டிரைவர்கூட இல்லை, நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் தூங்கிப்போகிறாள். ஏசிக் காற்று அவள் முகத்தில் அடிப்பதைப் பார்த்து அவன் அதைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான், இரண்டு வரி. அவளுக்குத் தெரியவும் தெரியாது. எழுதியவருக்கே அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை போல, உடனே மழையையும் இதழையும் கொண்டுவந்துவிட்டார். நான் அந்த இரண்டு வரியை விட்டு நகரவில்லை. பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

என் கல்யாணத்தில் எல்லாமே நேர்மாறு. நாலு பேர் இருக்கும் இடத்தில் என் வீட்டுக்காரரைப் போல ஒரு மனிதர் கிடையாது. பந்தியில் என் இலைக்கு அப்பளம் கேட்டு வாங்கிப் போடுவார், என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வருவார். கொடுத்து வைத்தவள் என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டுக் கதவைச் சாத்தியதும் பேச்சு நின்றுவிடும். பேசினால் குத்திக்காட்டத்தான். மற்றவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவும் முடியவில்லை, அப்பளம் போட்டதைத்தானே அவர்கள் பார்த்தார்கள். ஊரறியத் தாலி கட்டிய நாங்கள் நடித்தோம். ஒப்பந்தம் போட்டு நடிக்க வந்தவன் ஏசியைத் திருப்புகிறான். கோபம் வராமல் என்ன செய்யும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓனரம்மா குழம்பு கொடுத்தனுப்பிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கீழே இறங்கினேன். பெரியவர் வயலுக்குப் போயிருந்தார். சமையலறையிலிருந்து புல்லாங்குழல் இசையோடு ஒரு பெண் குரல் உருக்கமாக எதையோ வாசித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் போனதும் என் வீட்டுக்காரர் பெயர் கேட்டது. குவைத்தில் இருப்பவர். இப்போது அவர் யாருடைய இதழையோ நெருங்கிக்கொண்டிருந்தார். ஓனரம்மா போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பழவேற்காட்டு இறாலைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் செயலியில் நாவலைக் கேட்பதற்காக வாசித்தும் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. கோபித்துக்கொண்டு போனது, குறுக்கே எவளோ வந்தது எல்லாம் எந்தெந்த அத்தியாயம் என்று வரிசையாக ஞாபகம் வந்தது. வீடு போச்சு என்று நினைத்தேன். மறுபடி கடம்பத்தூர், மறுபடி சென்னை சுற்றி ரயில்.

என்னைப் பார்த்ததும் அவள் பதறவே இல்லை. "அத்த நிறுத்து கண்ணு, கையெல்லாம் எறா" என்றாள். முத்தம் முடிவதற்குள் நிறுத்தினேன்.

"எப்பலேர்ந்துமா கேக்கறீங்க?"

"நீ ஊடு கேட்டு வர்றதுக்கு மின்னாலேர்ந்தே."

"அப்ப அன்னிக்கே தெரியுமா?"

"பேரைச் சொன்னவொடனே சிரிப்பு பிச்சிக்கினு வந்துது. அடக்கிக்கினேன்."

"டைவர்ஸ் ஆயிடிச்சுமா எனக்கு. உண்மையைச் சொன்னா யாரும் ஊடு குடுக்கல. நான் வேற எடம் பாத்துக்கறேன்" என்றேன்.

"உன்ன யாரு போகச் சொன்னா?"

"தெரிஞ்சும் ஏம்மா குடுத்தீங்க?"

அவள் ஒரு இறாலை உரித்துச் சட்டியில் போட்டாள். "செருப்ப உட்டுட்டு உள்ள வந்தே. வெரல்ல ரத்தம். ஏறாத மெட்டிய ஏத்திக்கினு வந்து நிக்கிறே. ஒரு ஊட்டுக்கோசரம் ஒரு பொம்பள இந்தப் பாடு படணுமான்னு இருந்துது" என்றாள். பிறகு, "மாடில கயட்டி வெச்சுடு. அங்க யாரு பாக்கறா? கீய வரும்போது மட்டும் போட்டுக்கோ. பெரியவருக்குத் தெரிஞ்சா பேஜாரு."

எனக்கு ஒரு பக்கம் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இன்னொரு பக்கம் எரிச்சல். எல்லாம் தெரிந்துகொண்டே இத்தனை நாள் என்னைக் குவைத் நேரம் கணக்குப் போட வைத்திருக்கிறாளே! இனிமேலும் நடிக்கத்தான் வேண்டும், பெரியவர் ஒருவருக்காக. ஒப்பந்தம்தான் இதுவும். கிண்ணத்தை மேடையில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"கண்ணு, ஒண்ணு கேக்கணும்" என்றாள். "அந்த ஊட்டி ஓட்டல்ல ஒரே கட்டிலுன்னாங்களே. அவ்ளோ டப்பு வெச்சினு கீறான், ஒரு பாய் கேட்டா குடுக்க மாட்டானா ஓட்டல்காரன்?"

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மீதி இறாலை இருவரும் சேர்ந்துதான் உரித்தோம். முதலாளி, கண்ணாடி அறை, பழக்கடை, எதையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. ஏசி திருப்பிய இடத்தைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. அவளாகவே சொன்னாள், "கார்ல அவ தூங்கசொல்ல ஒண்ணு பண்ணான் பாரு, அது மட்டும் நல்லாருந்துது." நான் ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு செகண்ட் ஷிப்ட். காலையில் மாடியில் சாவகாசமாகத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஓனரம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"கண்ணு! உங்கூட்டுக்காரரு வந்துட்டாரு! சீக்கிரம் எறங்கி வா!"

புது அத்தியாயம் வந்துவிட்டது. முற்றத்தில் மாடு கழுவிக்கொண்டிருந்த பெரியவர் பைப்பைக் கீழே போட்டார். மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கேட்டை அகலத் திறந்துவிட்டு நின்றார்.

கல்யாணமாகி இருந்த காலத்தில், வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று யாராவது சொன்னால் பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துகொள்வேன். அன்றைக்கு ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே படியில் ஓடி இறங்கினேன். கடைசிப் படியில்தான் பார்த்தேன், காலில் மெட்டி இல்லை. பெரியவர் நல்லவேளையாக இன்னும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.