மானுக்கேற்ற தோட்டா

பித்தளைத் தோட்டாவும் துவக்கு எண்ணெயும் கலந்த அந்த மணம் எங்கள் குசினிக்குள் வந்துவிட்டால், நாங்கள் அகதியாக வந்து குடியேறிய எம்மன்புரூக்கேயில் கோடை முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். எண்பதுகளின் கடைசி அது. அப்பாவின் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த கஸ்பாரை எல்லோரும் ‘ஷெஃப்’, அதாவது தலைவர், என்பார்கள்; அப்பாவுக்கு மட்டும் அவர் ‘கஸ்பார் அண்ணை’. செப்டம்பரில் சொந்த மாநிலமான கிராபுண்டனின் மலைகளுக்கு மான் வேட்டைக்குப் போகுமுன், சுட்ட மானை மலையிலிருந்து கீழே கொண்டுவர ஆள் வேண்டுமென்று அப்பாவைக் கூப்பிட வருவார். வந்தால் தேநீரை ஒருபக்கம் தள்ளிவைத்துவிட்டு மேசையில் தோட்டாக்களை வரிசையாக நிறுத்தத் தொடங்கிவிடுவார். அம்மா முகம் கறுத்து அறைக்குள் போய்விடுவார். வெடிச்சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவர் வேறென்ன செய்வார்.

கஸ்பாரின் தோட்டாக் கதையைக் கேட்க அவருடைய மனைவிக்கே பொறுமையில்லை. அப்பா கேட்பார், பள்ளிக்கூடத்தில் படித்த டொச்சை, அதாவது ஜெர்மன் மொழியை, வைத்துக்கொண்டு நான் மொழிபெயர்ப்பேன். நரிக்கு மெல்லிய தோட்டா போதும், மலையாட்டுக்குக் கொஞ்சம் தடிப்பு வேண்டும், பெரிய சிவப்பு மானுக்கோ சுண்டுவிரல் அளவு தடித்தது வேண்டும், அவருடைய மாநிலத்தின் சட்டமே அப்படித்தான் என்பார். மெல்லிய குண்டு வேகமாகத்தான் பாயும், சுடுகிறவனின் தோளையும் இடிக்காது. ஆனால் மானின் தோள் எலும்பில் பட்டுச் சிதறிவிடும், நுரையீரல்வரை போகாது. காயப்பட்ட மான் ஓடிப்போய்ப் பற்றைக்குள் கிடந்து மணிக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கும். தன் தோள் நோகக்கூடாதென்று மெல்லிய தோட்டாவை எடுக்கிறவனை அவர் மனிதனாகவே மதிக்கமாட்டார். இதையே இரண்டு வருடமாகச் சொன்னார்.

அந்த இரண்டாவது வருடத்துக் கோடையில்தான் ஊரில் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, சந்தியில் சூடுபட்டு இறந்தார். பட்ட உடனேயே போய்விட்டார், ஒன்றுமே தெரிந்திருக்காது என்று உறவினர் தொலைபேசியில் சொன்னார்கள். கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார் என்று நாங்கள் வாய்விட்டு அழவுமில்லை. அப்பா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே இருந்தார். எனக்கு அந்தக் குழாய்ச் சத்தம் இன்றைக்கும் பிடிக்காது.

செப்டம்பரில் அப்பா போகமாட்டார் என்று நினைத்தோம். போனார், மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காலை வெயில் ஏறும்போது ஒரேயொரு வெடி. மான் முன்னங்காலை மடித்து, நின்ற இடத்திலேயே விழுந்தது. கஸ்பார் தொப்பியைக் கழற்றி, ஊசியிலை மரத்தில் சிறு கொப்பொன்றை முறித்து அதன் வாய்க்குள் வைத்தார். கடைசிக் கவளம், எங்கள் வழக்கம் என்றார். அப்பா மெதுவாக ‘வாய்க்கரிசி’ என்றார். தம்பிக்கு அவரால் போட முடியாமற்போனதும் அதுதான். வேட்டைக்காரன் மிருகத்துக்குச் செய்கிற மரியாதைகூட என் சித்தப்பாவுக்குக் கிடைக்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்பா மானைப் பார்த்தபடியே சொன்னார்:

“கேள் பிள்ளை. என்ரை தம்பிக்குப் பட்டது மெல்லிய குண்டுதானாம். அவன் கனநேரம் கிடந்திருப்பானோ எண்டு கேள்.”

கேட்டேன். கஸ்பார் கையைக் காற்சட்டையில் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். உடனேதான், நோவே இருந்திருக்காது என்றார். ஒரு தோட்டாவைப் பற்றி அரைமணி நேரம் கதைக்கிறவர் உடனே குனிந்து மானின் பின்னங்காலைக் கட்டத் தொடங்கினார். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது; சந்தோசத்தோடு மொழிபெயர்த்தேன். அப்பா தலையாட்டிவிட்டு மானின் கொம்பைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார்.

திரும்பி வரும்போது ரயிலில் அப்பா சொன்னார்:

“நல்ல மனுசன், பிள்ளை. பொய் சொல்லத் தெரியேல்லை.”

கஸ்பார் இரண்டு வருடமாகச் சொன்ன மெல்லிய தோட்டாக் கதை அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அப்பா வேட்டைக்குப் போகவில்லை. கஸ்பாரும் தோட்டாவைக் கொண்டுவரவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போவார். அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது, நாங்கள் இருந்த மாடிவீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள், அப்பாவும் கஸ்பாரும் காலமாகிவிட்டார்கள். அம்மா இருக்கிறார். சித்தப்பாவின் திவசத்தன்று படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அவர் நோகாமல் போனவர் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்வார்; சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் ‘ஓம்’ என்று தலையாட்டுவேன்.