ஓடுபாதைக் கதவில் அலூகி

வடகோடியில் இருக்கும் எங்கள் பனியூரின் பழைய விமான நிலையத்தில் அலூகி தரை துடைத்தவள். நான் பக்கத்து அறையில் வானிலை குறிப்பவன். அந்தக் காலத்தில் விமானம் வந்து நின்றால் யார் வேண்டுமானாலும் அதன் அருகே நடந்து போகலாம். தெற்கே ஆஸ்பத்திரியில் செத்தவர்களின் சவப்பெட்டியை வீட்டாரே விமானத்தின் வயிற்றிலிருந்து கையால் இறக்கி, பனிவண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

பிறகு அரசும் ஒரு தனியார் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்தன. கம்பெனி புதிய நிலையம் கட்டி முப்பது வருஷம் நடத்தும். அனுமதியில்லாத ஆள் வேலிக்குள் கால் வைத்தால் கம்பெனிக்கு அபராதம். அப்படி நடந்தால் யாருடைய வேலை போகும் என்பதை அலூகிக்கு முதல் நாளே சொல்லி, சீருடை கொடுத்து ஓடுபாதைக் கதவில் நிறுத்தினார்கள். வேலையோடு ஒரு வீடும் கிடைத்தது. அதுவரை தங்கை வீட்டில் ஒன்பது பேரோடு தரையில் படுத்தவள் அவள்.

"வேலிக்கு வெளிய மூச்சு விடலாமா, அதுக்கும் சீட்டு வேணுமா?" என்பான் வேலியோரம் வந்து நிற்கும் வேட்டைக்காரன் பலூசி.

"ஒன் கடல்நாய்க் கறி நாத்தம் உள்ள வராமப் பாத்துக்கத்தான் என்னை நிறுத்தியிருக்காங்க, போ."

பலூசியின் அண்ணன் லூக்காசிக்கு ஒரே மகள், நௌயா. ஆறு வயது. அலூகியின் தாய் செத்த வாரத்தில் பிறந்ததால் அந்தத் தாயின் பெயர் அவளுக்கு. எங்கள் வழக்கத்தில் செத்தவர் பெயர் வந்தால் ஆளும் வந்த மாதிரிதான். அலூகி அவளை அம்மா என்பாள். அவள் அலூகியை மகளே என்பாள், பொத்தான் போடாவிட்டால் திட்டுவாள். அலூகி பிடிக்கிற முதல் மீனின் தலை அவளுக்குத்தான் போகும்.

தெற்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த லூக்காசி பிப்ரவரியில் பெட்டியில் வந்தான். வடமேற்குக் காற்று, மைனஸ் நாற்பது டிகிரி குளிர். பலூசியும் மூன்று பேரும் தூக்குவதற்கு வந்து நின்றார்கள். கூடவே நௌயா.

"சரக்குக் கூடத்துல வாங்கிக்கங்க. மெஷின் கொண்டாரும்," என்றாள் அலூகி.

"எங்கண்ணன் என்ன பலகை லோடா?"

அலூகியின் தலைக்கு மேல் காமிரா. பக்கத்தில் மேலாளர் காபியோடு நின்றார். நௌயா முன்னால் வந்தாள்.

"மகளே, கதவத் திற. எங்கப்பா குளிர்ல கெடக்காரு."

அலூகி காமிராவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா சொல்றேன்ல. காது கேக்கலியா ஒனக்கு?"

"தள்ளி நில்லு பாப்பா," என்றாள் அலூகி.

பயணிகள் கூடம் முழுவதற்கும் கேட்டது. காத்திருந்த கிழவிகள் தலை குனிந்துகொண்டார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் மெஷின் பெட்டியைத் தூக்கி வந்து பனியில் வைத்தது. காய்கறி உறைந்துவிடும் என்று அட்டைப்பெட்டிகளை முதலில் உள்ளே கொண்டுபோனார்கள். எல்லாம் முடியும்வரை லூக்காசி அங்கேயே கிடந்தான். நௌயா பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த மாதம் அபராதம் இல்லை. மேலாளர் அலூகிக்காகக் கேக் வெட்டினார். எனக்கும் ஒரு துண்டு வந்தது. தின்றேன்.

உறைந்த ஏரியில் துளையிட்டு அலூகி பிடித்த முதல் மீனின் தலையைப் பொட்டலம் கட்டி, நௌயாவின் வீட்டுக்குப் போனாள். பலூசியோடு உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். நௌயாதான் கதவைத் திறந்தாள்.

"அம்மா, ஒனக்குத்தான்," என்று நீட்டினாள் அலூகி.

"பாப்பாவுக்கு மீன் வேணாம்," என்று சொல்லி அவள் கதவைச் சாத்தினாள்.