சுருட்டாத கயிற்றேணி

கப்பலில் மேல்தள வேலை பார்த்த அவர், ஆறு வருஷத்துக்கு முன் கடற்கொள்ளையரிடம் நான்கு மாதம் சிக்கி மீண்டவர். அன்றிலிருந்து, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் வீட்டை விட்டு நகரமாட்டார்.

மனைவி நச்சரித்ததால் கடற்கொள்ளையர் படத்தின் மதியக் காட்சிக்கு வந்தார். துப்பாக்கி வெடித்தபோதுகூட அசையாதவர், கப்பலைக் கடலுக்குள் கொண்டுவிட்ட துறைமுக வழிகாட்டி இறங்கிப்போன பிறகும் யாரும் சுருட்டாத கயிற்றேணி திரையில் கப்பலின் பக்கவாட்டில் தொங்கியதும் இருப்புக்கொள்ளாமல் நெளிந்தார். கொள்ளையர் படகு நெருங்கியது.

"ஏணிய மேல இழுடா!" என்று எழுந்து கத்திவிட்டார். அரங்கமே சிரித்தது.

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "மானம் போகுது. உங்க கப்பல்லயும் இப்படித்தானே ஏறுனாங்க? ஏணிய எடுக்காம விட்ட அந்தப் படுபாவி எங்க இருக்கானோ, விளங்குவானா அவன்!"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன் பக்கத்துலதான் உக்காந்திருக்கான்" என்றார்.