நாற்பத்தொன்பது கிலோ

பதினோரு வருஷமாக, ஊசி என்கிற அந்தக் குத்துச்சண்டைக்காரன் நாற்பத்தொன்பது கிலோவைத் தாண்டியதில்லை. தாண்ட அவன் அண்ணன் விட்டதில்லை. பயிற்சியாளரும் அண்ணன்தான், மேனேஜரும் அண்ணன்தான், சமையலறைச் சாவியும் அவன் இடுப்பில்தான். போட்டிக்கு முந்தின ரெண்டு நாள் தம்பிக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ரப்பர் சட்டையோடு மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். அண்ணன் கீழ்ப்படியில் உட்கார்ந்து முட்டை உரித்துத் தின்பான்.

"அடுத்த எடைப் பிரிவுக்குப் போறேண்ணே, உடம்பு தாங்கல."

"போனா உன்னை எவன் சீந்துவான்? வாயை மூடிக்கிட்டு ஏறு."

இன்று காலை எடை பார்க்கும் அறையில் நூற்றைம்பது கிராம் கூடுதல். கூடினால் ஆட்டம் கிடையாது. அண்ணன் எல்லார் முன்னாலும் தம்பியின் ஜட்டியை உருவினான். அப்புறமும் ஐம்பது கிராம் நின்றது. கத்திரியை எடுத்துத் தலைமுடியைக் கண்டபடி வெட்டித் தள்ளினான்.

"சனியனே, காறித் துப்பு."

துப்ப வாயில் எச்சில் இருந்தால்தானே.

முள் சரியாக நாற்பத்தொன்பதில் வந்து நின்றது. அதிகாரி பேனாவைத் திறந்தார். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பெருமை, என்னவோ அவனே பட்டினி கிடந்த மாதிரி.

ஊசி தராசைவிட்டு இறங்கவில்லை. அதிகாரியின் மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எட்டி எடுத்து, அண்ணனைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தான். முள் ஏறியது.

"இப்ப எழுதுங்க சார்," என்றான்.