நனைக்காமல் வெட்டாதே

கைத்தறித் துணி வாங்கி இந்தக் காலத்துப் பெண்களுக்குக் குர்த்தியும் கவுனுமாகத் தைத்துக் கொடுக்கிற தொழிலில், தைக்கத் தெரியாவிட்டால்கூடச் சமாளித்துவிடலாம். துவைக்கத் தெரியாவிட்டால் செத்தோம். நீங்களும் இதில் மாட்டிக்கொண்டவர் என்றால் இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீர்கள்.

வில்லியனூரில் எங்கள் வீட்டு மாடியில், மூன்று தையல் மெஷினோடு ஆரம்பித்தேன். வெட்டுவது, தைப்பது எல்லாம் வள்ளியக்கா. 'பழைய சேலையைத் தூக்கிப் போடாதீர்கள், புது உடுப்பாக மாற்றித் தருகிறோம்' என்று வாசலில் ஒரு போர்டும் மாட்டினேன். அந்தப் போர்டால் வந்த வினை ஒன்று இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

டீச்சரின் குர்த்தி

முதன்முதலாகத் தைத்த குர்த்திகள் எல்லாம் அவுரிச் செடியின் நீலச் சாயம் போட்ட பருத்தி. பாகூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் ஆசையாக ஒன்று வாங்கிப் போனார். புதுக் கைத்தறி முதல் தண்ணீரில் சுருங்கும், அதனால் நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. அவசரம், அப்படியே வெட்டச் சொல்லிவிட்டேன்.

ஒரே வாரத்தில் டீச்சர் படியேறி வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நான் எழுந்து நின்றேன். அவர் கோபப்படவே இல்லை. "திருப்பித் தர வரல மேடம். என் பொண்ணுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. அவ ஆறாவது படிக்கிறா. எனக்குத்தான் போட்டுக்க ஒண்ணும் இல்ல."

வள்ளியக்காவின் தீபாவளி

அன்றைக்கே சுவரில் பெரிதாக எழுதிவிட்டேன்: 'நனைக்காமல் வெட்டாதே.' எந்தத் துணி வந்தாலும் சோப்புக்குப் பதிலாகப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, நிழலில் காயவைத்த பிறகுதான் கத்தரிக்கோல். வள்ளியக்கா அந்த ரூலை ஒரு நாள்கூட மீறியதில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு நல்ல கைத்தறித் துணியில் அவருக்கே ஒரு குர்த்தி தைக்கச் சொல்லிக் கொடுத்தேன். தைத்தார். தீபாவளியன்று பார்த்தால் பளபளவென்று ஒரு பாலியஸ்டர் புடவையில் நிற்கிறார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. நம் வீட்டில் தைக்கிறவரே போடவில்லை என்றால், இந்தக் கைத்தறியை யாருக்காக உயிர்ப்பிக்கிறேன்? ஏன்க்கா என்று கேட்டேன். "போட்டு அரை மணி நேரத்துல கசங்கிப் போவுதும்மா. அப்படியே தெருவுல நடந்தா, இவ வூட்ல இன்னா சண்டைன்னு கேக்க மாட்டாங்களா?"

புவனாவின் கவர்

போர்டைப் பார்த்துவிட்டு வந்தவள் புவனா. பாகூரில் கரும்பு போடுகிற குடும்பம். கையில் முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே அவள் அம்மாவின் நூல் சேலை. அம்மா போன வருஷம் இறந்துவிட்டார்.

"அம்மா கடைசியா கட்னதுக்கா. அன்னைக்கு முடிச்சு போட்டதுதான், இன்னும் பிரிக்கவே இல்ல. தங்கச்சிக்குக் கல்யாணம். இதுல எனக்கு ஒரு கவுன் தச்சுக் குடுங்க. நான் போட்டுக்கினு நின்னா, அவ வந்து அம்மாவக் கட்டிப் புடிச்ச மாதிரி இருக்கணும்" என்றாள். ஒரு பெண் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வாள், சொல்லுங்கள்? நான் தலையை ஆட்டிக்கொண்டே கை நீளம் குறித்துக்கொண்டிருந்தேன்.

அவள் போன பிறகு வள்ளியக்கா முடிச்சை அவிழ்த்தார். வெற்றிலையும் தலைவலித் தைலமும் சேர்ந்த ஒரு வாசனை. "இதையும் நனைக்கணுமாம்மா?" என்று கேட்டார். அடுத்த மாதக் கண்காட்சிக்காகப் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ரூல்னா எல்லாத்துக்கும்தான்க்கா" என்றேன். அது மட்டுமா? முதல் அலசலில் தைல வாசனை முழுசாகப் போகவில்லை என்று, இரண்டாவது தடவை ஊறப்போடச் சொன்ன மகராசியும் நானே.

கவுன் அற்புதமாக வந்தது. முந்தானைக் கரையைக் கழுத்தைச் சுற்றி வைத்துத் தைத்திருந்தார் வள்ளியக்கா. எனக்கு ஒரே பெருமை. புவனா வந்து கவுனைக் கையில் வாங்கினாள், கரையைப் பார்க்கவில்லை. முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். எடுத்தாள். உள்பக்கத்தைத் திருப்பி மறுபடியும் வைத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாகத்தான் கேட்டாள்: "அக்கா, தொவச்சிட்டீங்களா?"

கல்யாணப் பந்தி

அப்படி இருந்தும் பத்திரிகை வைத்தாள். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தது. வள்ளியக்கா விடவில்லை. இரண்டு பேரும் பாகூருக்குப் போனோம். மண்டபத்து வாசலிலேயே புவனா நின்றிருந்தாள், கடையில் எடுத்த பட்டுப் புடவையில்.

"மன்னிச்சிடும்மா" என்றேன். அவளோ என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். "காலைல அதைத்தான்க்கா போட்டேன். தங்கச்சி ஓடியாந்து கட்டிப் புடிச்சா. அப்புறம் வெலகி நின்னு என் மூஞ்சியப் பாத்தா. அதான் மாத்திக்கினேன். நீங்க வாங்க, பந்தி போட்டுட்டாங்க, சாப்புடுங்க."

துணியைப் பக்குவமாகத் துவைக்க நான் கற்றுக்கொள்ள ஒரு டீச்சரின் குர்த்தியே போதுமாயிருந்தது, 'துவைக்கட்டுமா?' என்று ஒரு வார்த்தை கேட்கக் கற்றுக்கொள்ளத்தான் இரண்டு பெண்களின் அம்மா தேவைப்பட்டார்.