அய்யாக்கண்ணுவின் செவலை

பேரனின் நாய்க்குட்டிக்கு ஊசி போடுவதற்காகப் போன மாதம் ஒரு கால்நடை மருத்துவமனைக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்ததும் பினாயில் வாடை. அது மூக்கில் ஏறினால் இன்றும் எனக்கு அரியலூர் மாட்டாஸ்பத்திரிதான். யுத்தம் முடிந்த சமயத்தில் நான் அங்கே கம்பவுண்டர். மருந்து கலக்கத் தெரியும். மாடு முட்ட வந்தால் மேஜைமேல் ஏறத் தெரியும். வேறு பெரிய திறமை கிடையாது.

ஒரு நாள் உச்சி வெயிலில் ரயில்வே கேட்மேன் அய்யாக்கண்ணு தன் நாயைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். மனைவி போன பிறகு கேட் குடிசையில் அவருக்குத் துணை அந்தச் செவலை ஒன்றுதான். காலையிலிருந்து அதற்கு வாய் மூடவில்லை. தாடை தொங்கி எச்சில் ஒழுகியது. எலும்பு சிக்கியிருக்குமென்று தொண்டைவரை கைவிட்டுத் தேடினாராம். ஒன்றும் அகப்படவில்லை. அவர் நீட்டிய விரல்களில் பல் கீறிய சிவப்புக் கோடுகள்.

டாக்டர் மாட்டு நோய் பார்க்கச் செந்துறைப் பக்கம் போயிருந்தார். தாடை இப்படித் தொங்கினால் வெறிநோயாகவும் இருக்கலாம் என்று அவர் சொல்லிக் கேட்டிருந்தேன். அய்யாக்கண்ணுவைச் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கை கழுவ வைத்தேன். நாயைப் பின்னறையில் விட்டுப் பூட்டினேன். உடனே திருச்சிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளும்படி கெஞ்சினேன். அவர் அசையவில்லை.

"நான் போயிட்டா, விட்டுட்டுப் போயிட்டான்னு நெனச்சுக்கும் தம்பி."

கேட்டுக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, ஜன்னல் கம்பிக்கு வெளியே உட்கார்ந்து செவலை, செவலை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்லத் தெரியாமல் மாட்டுத் தீவனத்தைப் பற்றி ஏதோ உளறினேன். பாவம், அதற்கும் தலையாட்டினார். மறுநாள் டாக்டர் வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். கதவைத் திறக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் காலையில் நாய் இறந்துகிடந்தது. கேட் ஓரமாகப் புதைத்து, தலைமாட்டில் ஒரு கல்லை நட்டுவிட்டு, இருவரும் திருச்சிக்கு ரயில் ஏறினோம்.

அங்கே ஆஸ்பத்திரியில், வயிற்றில் பதினான்கு ஊசி என்றார்கள். அதற்கு அவர் முகம் மாறவில்லை. சீட்டு எழுதியவர் 'நாய்க்கடி' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதியபோதுதான் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"கடிக்கலீங்க. நாந்தான் வாயில கைய வுட்டேன். பல்லு பட்டுச்சு, அவ்ளோதான். அப்புடி எழுதாதீங்க."

எழுதியவர் நிமிரவில்லை. மூன்று நாளாக அழாத மனிதர் அங்கே நின்று அழுதார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

அய்யாக்கண்ணுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுபடி நாய் வளர்க்கவில்லை. சில வருஷங்களில் மாற்றலாகிப் போனார். பிறகு தகவல் இல்லை. கேட்டை எடுத்துவிட்டார்கள். குடிசையும் போயிற்று. பாதையை அகலப்படுத்தியபோது அந்தக் கல்லையும் யாரோ பெயர்த்துப் போட்டிருக்க வேண்டும். சமீபத்தில் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனபோது எட்டி எட்டிப் பார்த்தேன். செவலையைப் புதைத்த இடம் எதுவென்று எனக்கே பிடிபடவில்லை.